எந்த ரூபா, எந்த நாளில்? நிதிக் கணக்குப் பழகத் தொடங்குவோருக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சனி, ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேருக்கு நிதிக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்கள், வேலை செய்துகொண்டே கணக்கியல் பரீட்சை எழுதுகிறவர்கள், கொட்டாஞ்சேனையில் இடியப்ப வியாபாரம் நடத்தும் ஓர் அக்கா. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று ஊர்கள் வேறு வேறு. முதல் நாள் கேட்கிற கேள்வி மட்டும் ஒன்றுதான்: "சேர், இதுக்கு எந்தச் சூத்திரம் போடவேணும்?"

சூத்திரம் கடைசியில் வரட்டும். நான் திருத்திய விடைத்தாள்களில் பெருக்கல், வகுத்தலில் பிழைத்தவர்கள் கொஞ்சப் பேர்தான். எந்தக் காசு எந்த நாளில் கைமாறுகிறது என்று பார்க்காமல் எழுதத் தொடங்கிப் பிழைத்தவர்களே அதிகம். 2022இல் பொருளாதார நெருக்கடியில் ஊர் பட்ட பாட்டுக்குப் பிறகு, இந்தக் கணக்குகளைப் பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்துப் படிக்க என்னால் முடியவில்லை; அப்படிச் சொல்லிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

முதலில் ஒரு கோடு

கொப்பியில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுங்கள். இடது முனையில் 'இன்று' என்று எழுதுங்கள். பிறகு 1, 2, 3 என்று வருடங்களையோ மாதங்களையோ குறியுங்கள். கையை விட்டுப் போகிற காசைக் கோட்டுக்குக் கீழேயும் கைக்கு வருகிற காசை மேலேயும் எழுதுங்கள். வினாத்தாளில் ஆறு வரிக்கு நீளுகிற கதை, கோட்டில் விழுந்ததும் மூன்று நான்கு எண்களாகச் சுருங்கிவிடும்.

எளிய கணக்கு ஒன்று. 200,000 ரூபாவை ஆண்டுக்கு 8 வீத வட்டிக்கு மூன்று வருடம் நிலையான வைப்பில் போடுகிறீர்கள். 'இன்று' என்பதற்குக் கீழே 200,000. மூன்றாம் வருடத்துக்கு மேலே கேள்விக்குறி.

கல்குலேட்டரை எடுக்குமுன், வட்டி ஒவ்வொரு வருடமும் கைக்கு வந்துவிடுகிறதா, முதலோடு சேர்ந்து அதுவும் வட்டி உழைக்கிறதா என்று பாருங்கள். கைக்கு வந்தால் எளிய வட்டி: வருடம் 16,000, மூன்று வருடத்துக்கு 48,000. முதலோடு சேர்ந்தால் கூட்டு வட்டி. அதற்கு மேசையில் வைக்கிற சாதாரண காசியோ கல்குலேட்டரே போதும். 1.08 அழுத்தி, பெருக்கல் குறியை இரண்டு தரம் தட்டுங்கள். திரையின் மூலையில் 'கே' என்ற ஆங்கில எழுத்துத் தெரியும். இப்போது 200000 அழுத்திச் சமன் குறியைத் தட்டினால் 216,000. இன்னொரு தரம் தட்டினால் 233,280. மூன்றாம் தரம் 251,942.40. ஒரு தட்டுக்கு ஒரு வருடம். அடுக்குக்குறிச் சூத்திரத்தைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் செய்து காட்டுவேன். காசு வருடம் வருடமாக வளருவதைக் கண்ணால் பார்த்த பிறகு சூத்திரம் தானாக விளங்கும்.

வட்டி மாதம் ஒருமுறை முதலோடு சேர்ந்தால், 8ஐ 12ஆல் வகுத்து, 3 வருடத்தை 36 மாதமாக்கவேண்டும். விடை ஏறத்தாழ 254,047. வட்டியை மாதத்துக்கு மாற்றிவிட்டுக் காலத்தை வருடத்திலேயே விட்டுவிடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. வட்டி எந்த அலகோ, காலமும் அந்த அலகு.

நிஜத்தில் வைப்புப் போடுகிறவர் இன்னொன்றையும் எழுதவேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் நிறுத்திவைத்தல் வரி 10 வீதம் கழிக்கப்படுகிறது. 8 வீதம் உங்கள் கையில் 7.2 வீதம்தான்.

விடை சரியாக இருக்குமா என்று மனதால் பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், காசு இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று ஏறத்தாழத் தெரியும். 8 வீதத்துக்கு 9 வருடம். மூன்று வருடத்தில் நான்கு லட்சம் என்று விடை வந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது.

கையிலிருக்கிற தொகையும் அது வாங்குகிற சாமானும்

வட்டி வந்தது சரி, அதற்கு எவ்வளவு அரிசி வரும்? இதைக் கணிக்கத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் இருக்கிறது. அந்தச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம்.

2021 செப்டெம்பரில் ஒருவர் 100,000 ரூபாவை 6 வீதத்துக்கு வைப்பில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் கையில் 106,000. முந்தின வருடம் 100,000க்கு வாங்கிய அதே சாமான்களின் விலை இப்போது 169,800. அவருக்கு எவ்வளவு நட்டம்?

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 6இலிருந்து 69.8ஐக் கழித்து, 63.8 வீத நட்டம் என்பார்கள். பல புத்தகங்கள் அந்தக் கழித்தலைத்தான் சொல்கின்றன. பணவீக்கம் நான்கு, ஐந்து வீதமாக இருக்கும்போது அது போதும். இவ்வளவு உயர்ந்துவிட்டால் பிழைத்துவிடும். வகுத்துப் பாருங்கள்: 106,000ஐ 169,800ஆல் வகுத்தால் 0.624. முந்தின வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கியதில் 62 ரூபாச் சாமான்தான் இப்போது கிடைக்கும். நட்டம் 37.6 வீதம்.

ஓய்வுபெற்று வட்டியில் சீவித்த எத்தனையோ வீடுகளில் அந்த வருடம் நடந்தது இதுதான். வங்கிப் புத்தகத்தில் எண் கூடியது, சந்தைப் பை இளைத்தது.

சீட்டு: இன்றைய காசும் பத்தாம் மாதக் காசும்

நிகழ்காலப் பெறுமதி என்ற சொல்லைக் கேட்டு முழிக்கிறவர்களிடம் நான் சீட்டைப் பற்றிக் கேட்பேன். சீட்டுத் தெரியாத வீடு நம்மிடையே இல்லை.

பத்துப் பேர், மாதம் 20,000 ரூபா, கழிவு இல்லாத சீட்டு. ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 200,000. எல்லோரும் கட்டுவது ஒரே தொகை, எடுப்பதும் ஒரே தொகை. அப்படியிருக்க முதல் சீட்டுக்கு ஏன் அடிபடுகிறார்கள்?

கோடு போடுங்கள். கட்டும் காசு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதால் அதை விட்டுவிடலாம். மீதியிருப்பது முதல் மாத 200,000உம் பத்தாம் மாத 200,000உம். இடையில் ஒன்பது மாதம். உங்கள் காசு மாதம் 1 வீதம் உழைக்கக்கூடியது என்றால், பத்தாம் மாத 200,000ஐ 1.01ஆல் ஒன்பது தரம் வகுக்கவேண்டும். முன்னால் பெருக்கியது போலவே, 1.01 அழுத்தி வகுத்தல் குறியை இரண்டு தரம் தட்டி, 200000 அழுத்தி, சமன் குறியை ஒன்பது தரம். 182,868 வரும். பத்தாம் மாத 200,000இன் நிகழ்காலப் பெறுமதி என்பது இதுதான். முதல் சீட்டுக்கும் கடைசிச் சீட்டுக்கும் வித்தியாசம் 17,132 ரூபா.

இப்போது கடைசிச் சீட்டுக்காரர் முதல் சீட்டுக்காரரிடம் வந்து, "தம்பி, 15,000 தாறன், சீட்டை மாத்துவமா?" என்கிறார். மாதம் 1 வீதம் உழைக்கத் தெரிந்த தம்பி மறுக்கவேண்டும், 17,132 பெறுமதியான இடத்தை 15,000க்குக் கொடுக்கக் கூடாது. வங்கியில் மாதம் அரை வீதம் மட்டும் கிடைக்கிற தம்பிக்கோ வித்தியாசம் 8,779 ரூபாதான், அவர் சம்மதிக்கவேண்டும். ஒரே சீட்டு, ஒரே பேரம், இரண்டு பேருக்கு இரண்டு சரியான விடை. கழிவு வீதம் என்று வினாத்தாளில் போட்டிருப்பது, அந்தக் காசு வேறு எங்கே என்ன உழைத்திருக்கும் என்பதன் அளவு. பொருளியலில் அமையச் செலவு என்று படிப்பதும் இதே சங்கதிதான்.

சீட்டுப் பிடிக்கிறவர் நடுவில் காணாமல் போகிற ஆபத்து இந்தக் கணக்குக்குள் இல்லை. கடைசிச் சீட்டுக்காரர் அதையும் சேர்த்துச் சுமக்கிறார்.

அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் திறைசேரி உண்டியலின் கணக்கும் இதே வகை. 91, 182, 364 நாள் என்று மூன்று கால அளவில் வெளிவரும். 364 நாள் உண்டியல் ஒன்றின் முகப்பெறுமதி 100,000 என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் 92,593 கொடுத்து வாங்குவீர்கள், முதிர்வில் 100,000 கிடைக்கும். வரவு 7,407. அதை 100,000ஆல் வகுக்காதீர்கள். உங்கள் கையைவிட்டுப் போனது 92,593, ஆகவே அதனால்தான் வகுக்கவேண்டும். 8 வீதம்.

பன்னிரண்டு என்று சொல்லி இருபத்தொன்று

முதல் வேலையில் சேர்ந்து ஆறு மாதத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். ஒரு நிதிக் கம்பனி 300,000 ரூபா தந்தது. "பன்னிரண்டு வீதம், பிளாட் ரேட்" என்றார் அங்கிருந்தவர். வங்கியில் அப்போது அதைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள் என்பதால் சந்தோஷமாகக் கையெழுத்து வைத்தேன். கணக்குப் படித்தவன்தான், ஆனாலும் அன்றைக்குக் கோடு போட்டுப் பார்க்கவில்லை. அந்த வட்டி உண்மையில் எவ்வளவு என்று அங்கே ஒருவரும் சொல்லவும் இல்லை. மூன்று வருடம் அதைச் சுமந்தேன். அதனால் இந்தப் பகுதியை எந்த வகுப்பிலும் நான் அவசரப்பட்டு முடிப்பதில்லை.

பிளாட் ரேட் என்றால் வட்டி கடைசி வரை முதல் நாள் கடன் தொகைக்கே. கணக்கு இப்படி. 300,000க்கு 12 வீதம், வருடம் 36,000, மூன்று வருடத்துக்கு 108,000. மொத்தம் 408,000. அதை 36ஆல் வகுத்தால் மாதத் தவணை 11,333. இதில் கடன் முதலுக்கு 8,333, வட்டிக்கு 3,000.

கடைசி மாதத்துக்குப் போங்கள். 35 தவணை கட்டியாயிற்று. கம்பனியின் கணக்குப்படியே நீங்கள் தரவேண்டிய கடன் முதலில் மீதி 8,333 ரூபாதான். அந்த 8,333க்கு அந்த ஒரு மாதத்துக்கு வட்டி 3,000. முதல் மாதம் முழு மூன்று லட்சமும் கையில் இருந்தபோது கட்டிய அதே 3,000. நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்ட காசுக்கும் கடைசி நாள் வரை வட்டி கட்டுகிறீர்கள்.

உண்மையான வீதத்தைக் கண்டுபிடிக்கும் வழி இது.

முதலில், கடனை மாதத் தவணையால் வகுங்கள். 300,000 ÷ 11,333.33 = 26.47.

அடுத்து, தவணைக் காரணி அட்டவணையை எடுங்கள். தவணைக்கு ஒரு ரூபா வீதம் கட்டினால் அதன் இன்றைய பெறுமதி எவ்வளவு என்று ஒவ்வொரு வட்டி வீதத்துக்கும் அது காட்டும். பரீட்சைப் புத்தகங்களின் பின்பக்கத்தில் இருக்கும். 36ஆம் வரியில் விரலை வைத்து 26.47ஐத் தேடுங்கள். 1.5 வீதத்தின் கீழ் 27.66, 2 வீதத்தின் கீழ் 25.49. நமது எண் இரண்டுக்கும் நடுவில், சற்று 2இன் பக்கமாக இருக்கிறது.

பிறகு இடைவெளியைப் பங்கு போடுங்கள். 27.66இலிருந்து 26.47க்கு இறங்கிய தூரம் 1.19. முழு இடைவெளி 2.17. பங்கு 0.55. அரை வீதத்தில் அந்தப் பங்கு 0.27. ஆகவே மாதம் ஏறத்தாழ 1.77 வீதம்.

12ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 21.2. மாதாமாதம் கூட்டு வட்டியாக எடுத்தால் 23.4. பன்னிரண்டு என்று காதில் விழுந்தது இவ்வளவு. கடையில் நிற்கும்போது அட்டவணை இருக்காது. பிளாட் ரேட்டில் மாதத் தவணை என்றால், சொன்ன வீதத்தை இரட்டிப்பாக்கிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மூன்று லட்சம், கடைசியில் எட்டாயிரம் என்றால் சராசரியாக உங்கள் கையில் இருந்தது பாதிக் காசுதான், வட்டியோ முழுக் காசுக்கு.

கொட்டாஞ்சேனை அக்காவின் இடியப்பப் பார்சல்

இனி வணிகக் கணக்கு. இங்கே 'எந்த நாளில்' என்பதோடு இன்னொரு கேள்வி சேர்கிறது: ஒரு பார்சல் கூட விற்றால் இந்தச் செலவு அசையுமா?

அக்கா பத்து இடியப்பம், சம்பல், சொதி சேர்த்து ஒரு பார்சல் 250 ரூபாவுக்குக் கடைகளுக்குக் கொடுக்கிறார். முதல் நாள் செலவெல்லாம் ஒரே நிரலில் எழுதிக்கொண்டு வந்தார். கொப்பியின் நடுவில் மடித்து இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். மா, தேங்காய், வெங்காயம், பார்சல் கடதாசி, கொண்டுபோய்க் கொடுக்கும் ஆட்டோ எல்லாம் அசையும் பக்கம். சமையலறை வாடகை அசையாத பக்கம். சமையல் கேஸ் எந்தப் பக்கம் என்பதில் அவர் தடுமாறினார். "மாசம் மாசம் வாங்கிறதுதானே சேர், அப்ப நிலையானதுதானே?" மாதாமாதம் வாங்குவதால் நிலையான கிரயம் ஆகாது. ஐம்பது பார்சல் கூட அவித்தால் சிலிண்டர் முன்னதாக முடியும். அது மாறும் கிரயம்.

உதவிக்கு வரும் பிள்ளைக்குச் சம்பளம் 30,000. அக்கா 30,000 என்றே எழுதியிருந்தார். முதலாளியின் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் சேர்த்தால் 34,500. அந்த 15 வீதத்தைத் தயவுசெய்து எந்தக் கணக்கிலும் விடாதீர்கள். அது அந்தப் பிள்ளையின் காசு.

பிரித்து முடித்தபோது, ஒரு பார்சலுக்கு மாறும் கிரயம் 170. மாதத்துக்கு நிலையான கிரயம்: சம்பளம் 34,500, வாடகை 13,500, மொத்தம் 48,000. ஒரு பார்சல் விற்றால் 250இல் 170 போக 80 மிஞ்சும். இதற்குப் பங்களிப்பு என்று பெயர். 48,000 ÷ 80 = 600. அறுநூறு பார்சலில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மாதம் 26 நாள் வேலை என்றால் நாளுக்கு 23.08. அதை 23 என்று எழுதினால் மாதம் 598தான் ஆகும், இரண்டு பார்சல் குறைகிறது. இந்தக் கணக்கில் எப்போதும் மேலே முழுமைப்படுத்தவேண்டும்: 24.

60,000 ரூபா இலாபம் வேண்டுமென்றால், 48,000உடன் 60,000ஐக் கூட்டி 80ஆல் வகுக்கவேண்டும். 1,350 பார்சல், நாளுக்கு 52. இந்த வேலைக்காக அக்கா விட்டு வந்த கடைச் சம்பளம் 45,000. கணக்காளர் பார்வையில் இலாபம் 60,000, பொருளியல் பார்வையில் 15,000. விடியற்காலை மூன்று மணிக்கு எழும்புகிற உழைப்புக்கு அந்த 15,000 போதுமா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

ஒரு நாள் பயத்தோடு வந்தார். விலையை 275 ஆக்கினாராம், நாளுக்கு 52 விற்ற இடத்தில் 46 ஆகிவிட்டதாம். விலை 10 வீதம் ஏற, கேள்வி 11.5 வீதம் இறங்கியிருக்கிறது. 11.5ஐ 10ஆல் வகுத்தால் நெகிழ்ச்சி 1.15. ஒன்றைவிடக் கூடிய நெகிழ்ச்சியில் விலையை ஏற்றினால் வருமானம் குறையும் என்று புத்தகம் சொல்லும். குறைந்துதான் இருக்கிறது, நாளுக்கு 13,000 இருந்தது 12,650 ஆகியிருக்கிறது. அக்கா விலையைப் பழையபடி இறக்கவே வந்தார்.

பங்களிப்பைப் பார்க்கச் சொன்னேன். முன்னர் 80 × 52 = 4,160. இப்போது 105 × 46 = 4,830. ஆறு பார்சல் குறைவாக அவித்து, நாளுக்கு 670 ரூபா கூட உழைத்திருக்கிறார். 4,160ஐ 105ஆல் வகுத்தால் 39.6. நாளுக்கு 40 பார்சல் போகும்வரை புதிய விலையில் அவருக்குக் குறைவில்லை. அக்கா அந்த 40ஐ ஒரு துண்டில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

பிறகு ஓர் இடியப்ப மெஷின் பற்றிக் கேட்டார். விலை 240,000. வருடம் 100,000 மிச்சம் பிடிக்கும், மூன்று வருடம் உழைக்கும். 300,000 வருகிறதே, 60,000 இலாபம் என்றுதான் தோன்றும். ஒவ்வொரு வருடக் காசையும் சீட்டில் வகுத்தது போலவே 12 வீதத்தில் கழித்துப் பார்த்தால் அந்த மூன்று லட்சத்தின் இன்றைய பெறுமதி 240,180. அதில் மெஷின் விலை போக மிஞ்சும் தேறிய நிகழ்காலப் பெறுமதி வெறும் 180 ரூபா. 15 வீதம் என்றால் 11,680 நட்டம். மேலே சொன்ன பிளாட் ரேட் கடனில் வாங்கினால், 23.4 வீதத்தில் கழிக்கவேண்டும், நட்டம் ஏறத்தாழ 40,000. அக்கா மெஷின் வாங்கவில்லை.

இன்றைக்குச் செய்து பார்க்க ஒன்று

ஒரு போன், ரொக்க விலை 90,000. தவணையில் என்றால் மாதம் 16,500 வீதம் ஆறு மாதம். மாத வட்டி எவ்வளவு? 90,000ஐ 16,500ஆல் வகுத்து, அட்டவணையில் 6ஆம் வரியில் 5.45ஐத் தேடுங்கள். 2.5 வீதத்துக்கு 5.51, 3 வீதத்துக்கு 5.42. ஆகவே ஏறத்தாழ 2.8 வீதம்.

இதே போன், இதே தவணை. ஆனால் முதல் 16,500ஐ இன்றே கட்டவேண்டும் என்று கடைக்காரர் சொன்னால்? கோட்டைத் திரும்பப் போடுங்கள். இன்றே 16,500 போய்விட்டதால் கடன் 73,500, மீதித் தவணை ஐந்து. 73,500 ÷ 16,500 = 4.45. 5ஆம் வரியில் அது 4 வீதத்தின் கீழ் இருக்கிறது. மாதம் 2.8 இருந்தது 4 ஆகிவிட்டது. கடைக்குப் போகிறவர், விலையைக் கேட்ட கையோடு முதல் தவணை எந்தத் திகதியில் என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கவேண்டும்.